திருச்சியில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர்: எல்லை தாண்டிய செய்தியைக் கூட்டாக எழுதுவது எப்படி?

வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்ட் பணம் வாங்குவது திருச்சியில். ஆள் வந்து மாட்டிக்கொண்டு முழிப்பது மலேசியாவின் கிள்ளானில். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் எனக்கு முதல் பாதி தெரியாது, திருச்சி நிருபருக்கு இரண்டாம் பாதி தெரியாது. அதனால் வேலை மோசடிச் செய்திகளை நான் தமிழ்நாட்டு நிருபர்களோடு சேர்ந்துதான் செய்கிறேன்.

கூட்டுப் புலனாய்வு என்றதும் எல்லாரும் பனாமா சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்து 2016இல் செய்தியான பனாமா ஆவணங்களைச் சொல்வார்கள். 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள், 370க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள். அவ்வளவு பெரிய ஏற்பாடெல்லாம் நமக்கு வேண்டாம், இரண்டு பேர் போதும். ஆனால் அவர்கள் கடைப்பிடித்த இரண்டு விதிகளை நாமும் எடுத்துக்கொள்ளலாம்: கிடைத்ததை ஒளிக்காமல் பகிர்வது, ஒரே நேரத்தில் வெளியிடுவது.

கூட்டாளியைத் தேடும்போது பெரிய பத்திரிகைப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள், ஏஜெண்டின் அலுவலக முகவரியைப் போய்ப் பார்த்துவரச் சொல்லலாம். “பூட்டியிருக்கு” என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். பெயர்ப்பலகையின் படம், எப்போதிலிருந்து பூட்டு, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் என்ன சொன்னார் என்றெல்லாம் வந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அதே அக்கறையோடு அவர் கேட்கும் வேலையை நீங்களும் செய்ய வேண்டும். அங்கிருப்பவரை எடுபிடியாக வைத்துக்கொண்டு, செய்தியில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிற ஆட்களும் உண்டு. அவர்களுக்கு அடுத்த செய்தி கிடைப்பதில்லை.

வேலை தொடங்குமுன் ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். யார் பெயர் எப்படி வரும், ஓர் ஆசிரியர் பின்வாங்கினால் மற்றவர் வெளியிடலாமா, எந்த வழக்கறிஞர் படிப்பார். வெளியீட்டு நேரத்தை “காலை 8 மணி” என்று மொட்டையாக எழுதாதீர்கள், யாருடைய 8 மணி? நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே செய்தி வந்துவிட்டால் அங்கே ஏஜெண்ட் அலுவலகத்தைக் காலி செய்ய அந்த நேரம் தாராளம்.

அப்புறம் ஆவணங்கள். இங்கே எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தின் தளத்தில் சில ரிங்கிட் கட்டினால் நிறுவனத்தின் இயக்குநர்கள், பங்குதாரர்கள் விவரம் கிடைக்கும். இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அதே வேலையைக் கூட்டாளி செய்வார். இரண்டையும் பொருத்துவதுதான் தலைவலி. இங்கே ‘சுப்ரமணியம் ஏ/எல் ராமசாமி’ (ஏ/எல் என்றால் ‘மகன்’) என்று இருப்பவர் அங்கே ‘ஆர். சுப்ரமணியன்’ ஆகவோ ‘ராமசாமி சுப்ரமணியன்’ ஆகவோ இருக்கலாம். அல்லது சம்பந்தமே இல்லாத இன்னொருவராக இருக்கலாம். பெயரை மட்டும் வைத்து ஒருபோதும் இரண்டையும் இணைத்துக் கோடு போடாதீர்கள். மலேசியராக இருந்தால் ஐசி எனப்படும் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதி; அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்கு என்றால் 07. பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து என்று பெயர் தவிர குறைந்தது இன்னும் இரண்டு பொருந்தினால்தான் எங்கள் அட்டவணையில் ‘ஒரே ஆள்’ என்று எழுதுவோம். அதுவரை ‘இருக்கலாம்’.

ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரே ஆனாலும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்க முடியும். ஆனால் 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் இங்கே வரலாம். சுற்றுப்பயணி என்று அனுப்பிவைக்கப்பட்டவருக்கு வேலைக்கான குடியகல்வு அனுமதி எதுவும் எடுத்திருக்க மாட்டார்கள், அரசுப் பதிவில் தடயம் இருக்காது. அப்போது ஆதாரம் முழுக்கத் தொழிலாளியின் போனில்தான். “போனதும் பெர்மிட் அடிச்சுத் தந்துருவாங்க, கவலைப்படாத தம்பி” என்று ஏஜெண்ட் பேசிய வாய்ஸ் மெசேஜை உங்களுக்கு ஃபார்வர்டு செய்யச் சொன்னால் அனுப்பியவர் எண்ணும் தேதியும் போய்விடும். அவர் போனிலேயே உரையாடலைத் திறந்து, எண் தெரிகிற பக்கத்திலிருந்து மெசேஜ் வரை மெதுவாக நகர்த்தி, இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். கூகுள் பே ரசீதையும் அப்படியே. கூட்டாளியோடு பேசுவது சிக்னல் செயலியில், மறையும் செய்தி வசதியோடு.

சட்டத்தை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அவதூறு இரு நாட்டிலும் குற்றவியல் வழக்காகவும் வரலாம். புலம்பெயர் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுக்கும் மலேசிய அமைப்பான தெனாகானித்தாவின் ஐரீன் பெர்னாண்டஸ், இங்குள்ள புலம்பெயர்ந்தோர் தடுப்பு முகாம்களில் நடந்த கொடுமைகளை 1995இல் வெளியிட்டதற்கு மறு ஆண்டு மலேசிய அச்சகச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டார். 2003இல் ஓராண்டு சிறைத் தண்டனை, 2008இல்தான் விடுதலைத் தீர்ப்பு. செய்தி எழுதுகிற நமக்காவது வழக்கறிஞர் கிடைப்பார். பெர்மிட் இல்லாத தொழிலாளியைக் குடிநுழைவுத் துறை பிடித்தால் அவருக்கு யார்? அதனால் முகம், ஊர், அவர் தங்கியிருக்கும் ஹாஸ்டல் வாசல் எதுவும் படத்தில் வரக் கூடாது. அவருடைய ஊர்ப் பெயரை அங்கே போடுவதும் ஆபத்துதான், ஏஜெண்டின் ஆட்கள் வீட்டுக்குப் போய் மனைவியை மிரட்டுவார்கள்.

விளக்கம் கேட்டு அனுப்பும் கேள்விகள் ஏஜெண்டுக்கும் இங்குள்ள நிறுவனத்துக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒருவருக்கு முந்திப் போனால் அவர் மற்றவருக்குப் போன் போடுவார், அன்றிரவே தொழிலாளிகளை வேறு ஹாஸ்டலுக்கு மாற்றிவிடுவார்கள். எனவே நம்மிடம் பேசிய தொழிலாளிகள் பத்திரமான இடத்துக்குப் போன பிறகே கடிதம். பதில் தர ஒரு வாரம் கொடுங்கள், வந்த பதிலை இரு செய்திகளிலும் போடுங்கள்.

செய்தி வெளியான அன்று இருவரும் போனை அணைக்காதீர்கள். அதே ஏஜெண்டிடம் பணம் கட்டிவிட்டு விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் அன்றைக்குத்தான் கூப்பிடுவார்கள். அவர்களைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு, எண்ணையும் கட்டிய தொகையையும் அதே அட்டவணையில் புது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.