பாலைவனக் கதையில் மாயப் பொருள்: நான் விட்ட பிழைகளை நீங்கள் விடவேண்டாம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடத்திய முதல் பாலைவனக் காம்பெய்ன், அதாவது மேசையைச் சுற்றியிருந்து நான் கதை சொல்ல, பொடியங்கள் வீரர்களாக ஆடும் தொடர்கதை ஆட்டம், மூன்றாம் சனிக்கிழமையோடு செத்துப்போனது. கொன்றவன் நான்தான். ஒரு குடத்தால் கொன்றேன்.

மணலில் புதைந்த கோயிலுக்கு அடியில் வற்றாத தண்ணீர்க் குடம் ஒன்றை வைத்திருந்தேன். நாங்கள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் உள்ள பொருள்தான். அங்கே அது குப்பி, நான் குடமாக்கினேன். கையில் எடுத்த உடனேயே ஒரு பொடியன் சொன்னான்: “சரி அண்ணை, இனித் தண்ணிக் கவலை முடிஞ்சுது. நேரே நகரத்துக்குப் போவமா?” இரண்டு கிழமையாக நான் கீறி வைத்திருந்த கிணறுகள், கிணற்றைக் காவல் காக்கும் குடிகள், அவர்களுக்குள் இருந்த பகை எல்லாம் அந்த ஒரு வசனத்தில் போய்விட்டன.

பிறகு கணக்குப் பார்த்தேன். அந்தக் குப்பியை முழு வேகத்தில் திறந்தால் ஒரு தடவைக்கு 30 கலன், அதாவது 113 லீற்றர் வரும். ஆறு செக்கனுக்கு ஒரு தடவை திறக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு 68,000 லீற்றர்! ஆவணியில் ஊருக்குள் வரும் தண்ணீர் பவுசர் 5,000 லீற்றர் என்று வைத்தால், பதின்மூன்று பவுசருக்கு மேல். அப்படி ஒரு சாமானை ஐந்து பேர் முதுகில் சுமந்து திரிகிறார்கள் என்றால் அவர்கள் எங்கே நின்றாலும் அங்கே ஒரு குளம் கட்டலாம். பாலைவனம் எங்கே இருக்கிறது?

குடத்தை வைக்காவிட்டாலும் ஓட்டை இருக்கிறது. ஆட்டத்தில் பூசாரியாக வரும் பாத்திரம் முதல் லெவலிலேயே ஒரே மந்திரத்தில் 10 கலன் தண்ணீர் வரவழைப்பார். கடும் வெயிலில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கலன் என்பது ஆட்ட விதி. ஐந்து பேருக்கு அளவெடுத்த மாதிரிப் போதும். எனவே அந்த மந்திரம் இந்த மண்ணில் எப்படி வேலை செய்யும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நடுவில் விதியை மாற்றினால் சண்டைதான் வரும்.

தண்ணீர் தரும் பொருளே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் தருவதுதான் பிழை. வன்னியில் வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சோளகம் வீசத் தொடங்கினால் கிணற்றுக் கயிற்றோடு இன்னொரு முழம் முடிய வேண்டி வரும், பிறகு இன்னொன்று. முடிச்சுகளை எண்ணினால் எத்தனை கிழமை மழையில்லை என்று சொல்லிவிடலாம். இரண்டாம் காம்பெய்னில் அதே குடத்தைத் திரும்ப வைத்தேன், ஆனால் அது பக்கத்துக் கிணற்றிலிருந்து குடிக்கிறது. வீரர்களுக்கு அதைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஊருக்குள் நுழைந்தார்கள். கிணற்றடியில் ஒரு கிழவி புதுக் கயிறு முடிந்துகொண்டிருந்தாள். “முந்தநாள்வரைக்கும் ஆறு முடிச்சுத்தான் மோனை” என்றாள். மேசையில் ஒருவரும் பேசவில்லை.

அடுத்தது, தெரிந்த சாமான்களை வரிசையாக அடுக்குவது. பறக்கும் கம்பளம், விளக்குக்குள் பூதம், வளைந்த வாள். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அவ்வளவு தூரம் ஏன் போவான்? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர்களுக்கு உப்புநீர் விளக்குத் தெரியும். வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரிலே விளக்கெரிப்பார்கள். ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கள்ளர் குகைக்குள் 500 பொன் விலை போட்டு வைக்காதீர்கள். நேர்த்தி வைத்து நடந்துபோகும் சனத்தின் விளக்கு அது, உங்கள் வீரர்கள் கொள்ளையடிக்க வேண்டிய பொருள் அல்ல. அதிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்: கடல் இல்லாத இடத்தில் உப்புத் தண்ணீருக்கு எங்கே போவது?

வியர்வைதான். அப்படிப் பிறந்தது வியர்வையில் எரியும் விளக்கு. பகல் முழுக்கத் திரியை நெஞ்சோடு கட்டி நடக்க வேண்டும். இரவில் ஏற்றினால், மணல் மூடிய பழைய காலடிகள் அந்த வெளிச்சத்தில் தெரியும். நூறு வருசத்துக்கு முந்தியவைகூட. கட்டி நடந்தவருக்கு அன்றைக்கு அரைக் கலன் தண்ணீர் கூடத் தேவை. இவ்வளவுதான் விதி. இன்றைக்குக் கட்டுவது யார் என்று ஒவ்வொரு காலையும் பொடியங்கள் பிடுங்குப்படுவதைப் பார்க்க வேண்டும்!

பொன்னைக் குவிப்பதும் பிழை. எது அரிது என்பதை மண்தான் தீர்மானிக்கும். 1922இல் கண்டெடுத்த எகிப்திய மன்னன் துட்டன்காமுன் கல்லறை நிறையப் பொன். ஆனால் அதற்குள் இருந்த ஒரு குத்துவாள் இரும்பு, அதுவும் விண்கல்லில் இருந்து வந்த இரும்பு. அவனுடைய மார்புப் பதக்கத்தின் நடுவில் இருக்கும் மஞ்சள் வண்டு, லிபியப் பாலைவனத்தில் கிடக்கும் இயற்கைக் கண்ணாடியில் செதுக்கியது. 1352இல் சகாராவைக் கடந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, தகாசா என்ற ஊரில் வீடுகளை உப்புக் கட்டியால் கட்டி ஒட்டகத் தோலால் கூரை போட்டிருந்ததாக எழுதினார். ஆனையிறவு உப்பைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை நினைத்துப் பார்ப்பது கஷ்டமில்லை. மரமே இல்லாத ஊரில் ஒரு முதிரை மரக் கதவு எவ்வளவு பெறும்? என் காம்பெய்னில் ஒரு சிற்றரசன் அதற்காகத் தன் வாளையே கொடுத்தான். கதவைச் சுவரில்லாத இடத்தில் நிறுத்தித் திறந்தால் மறுபக்கம் நிழல் இருக்கும். வேறொன்றும் இல்லை, நிழல் மட்டும்.

சின்னப் பிழைகளும் உண்டு. அடிக்கு ஒரு புள்ளி கூட்டும் வாளைப் பாலைவனத்தில் கொடுத்தாலும் பனிமலையில் கொடுத்தாலும் ஒன்றுதான், விடுங்கள். எல்லா இடமும் மணல் என்று நினைக்காதீர்கள்: சகாராவிலேயே மணல் கால்வாசிதான், மிச்சம் கல்லும் பாறையும். இரவுக் குளிரை மறந்துவிட்டு வெயிலுக்கு மட்டுமே சாமான் செய்கிறவர்கள் நிறையப் பேர். அப்புறம், ஒரு பொருளின் விதி ஒரு சின்ன அட்டைக்குள் அடங்கவில்லை என்றால் ஆட்டத்தின் நடுவில் நீங்களே அதை மறந்துவிடுவீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

இரண்டாம் காம்பெய்ன் இன்னும் ஓடுகிறது. அந்தக் குடம், வாயைத் துணியால் கட்டி, ஒட்டகத்தின் பக்கத்தில் தொங்குகிறது. எறியவும் மனமில்லை, திறக்கவும் துணிவில்லை. போன சனிக்கிழமை பூசாரிக்குக் காய்ச்சல் வந்தது, கையிலிருந்த தண்ணீரும் முடிந்தது. பொடியன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணை, பக்கத்துக் கிணறு எவ்வளவு தூரம்?”