ரோமானிய வெண்கலக் காசில் தொடங்குங்கள்

பழங்காசு சேர்க்க ஆசை என்றால் எடுத்த எடுப்பிலேயே ஏதென்ஸ் ஆந்தைக் காசுக்கு (ஆந்தை உருவம் பொறித்த பழைய கிரேக்க வெள்ளிக் காசு) போக வேண்டாம், விலையும் அதிகம், போலிகளும் ஏராளம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்ன வெண்கலக் காசு ஒன்று வாங்குங்கள். மலிவுதான், ஆனால் அதில் படிக்க எவ்வளவோ இருக்கிறது! ஒரு பக்கம் அரசர் தலையும் பெயரும் இருக்கும், மறுபக்கம் இரண்டு வீரர்கள் நின்றால் நடுவே எத்தனை படைக்கொடி என்று எண்ணுங்கள்: இரண்டு என்றால் பெரும்பாலும் கி.பி. 330–335, ஒன்றுதான் என்றால் அதற்குப் பிந்தையது. அப்புறம் அடியில் உள்ள எழுத்துகள், எந்த ஊரில் அச்சடித்தது என்பதை அவைதான் சொல்லும். 'டிஆர்' (TR) என்று தொடங்கினால் இன்றைய ஜெர்மனியில் உள்ள ட்ரியர், 'எஸ்எம்ஏஎன்' (SMAN) என்றால் இன்றைய துருக்கியில் உள்ள அந்தியோக்கியா.

தயவுசெய்து புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்திருக்கும் மேற்படலம் ஒருமுறை போனால் திரும்ப வராது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள், நாள் கணக்கில் ஆனாலும் சரி.

மற்றவர்களுடன் பகிரும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், எடையை கிராமில், விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். இவை இல்லாமல் யாராலும் சரியாக அடையாளம் சொல்ல முடியாது. வாங்கிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.