ஐஇசி வாங்கியாச்சு, கஸ்டம்ஸில் பதிந்தாச்சா? ஏற்றுமதி இறக்குமதிக்குப் பதிவு செய்வது படிப்படியாக

ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண், கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். ஐஇசி தருவது வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள டிஜிஎஃப்டி என்ற வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம். துறைமுகத்தில் சரக்கை விடுவது நிதி அமைச்சகத்தின் கீழ் உள்ள கஸ்டம்ஸ். முதல் இடத்தில் வாங்கிய எண்ணை உங்கள் வங்கிக் கணக்கோடு சேர்த்து இரண்டாம் இடத்தில் பதிய வேண்டும். ஏடி கோட் பதிவு என்பது இதுதான். இது முடியாமல் ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிக்காகக் கஸ்டம்ஸில் தரும் சரக்கு விவர அறிக்கை, போட முடியாது.

ஐஇசி எடுப்பது பற்றி எழுதுகிற பலரும், ஏடி கோட் என்று வந்தால் "வங்கியில் கடிதம் வாங்கிப் பதியவும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் சிறிய நிறுவனத்துக்கு இதைச் செய்தபோது நேரத்தை அதிகம் தின்றது அந்த ஒரு வரிதான். அதனால் மற்றதை வேகமாகச் சொல்லிவிட்டு அங்கே போய் உட்காரப் போகிறேன்.

பான், நிறுவனப் பெயரில் கரண்ட் அக்கவுண்ட், ஜிஎஸ்டி பதிவு மூன்றும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மென்பொருள், வடிவமைப்பு மாதிரி சேவையை மட்டும் வெளிநாட்டுக்குக் கொடுப்பவர்களுக்கு, அரசுச் சலுகை எதுவும் கேட்காதவரை ஐஇசி கட்டாயம் இல்லை. சொந்த உபயோகத்துக்கு ஒரு பொருள் வரவழைப்பவருக்கும் வேண்டாம். வியாபாரத்துக்கு என்றால் 1992ஆம் ஆண்டின் அந்நிய வணிகச் சட்டப்படி ஐஇசி இல்லாமல் முடியாது.

படி 0: முதலில் பெயரைச் சரி பாருங்கள்

எந்தப் பட்டியலிலும் இந்தப் படி இருக்காது. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முதல் படி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் அட்டையில் இனிஷியலைக் கடைசிப் பெயராக ஏற்க மாட்டார்கள். அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதியிருப்பார்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும். வங்கியில் முன்னால் இருக்கும். ஆக எஸ். குமார், குமார் எஸ், குமார் சண்முகம் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர். நாம் பார்த்தால் ஒருவர்தான் என்று புரியும், கணினிக்குப் புரியாது.

தனிநபர் நிறுவனமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பான் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும், கரண்ட் அக்கவுண்ட் கடையின் பெயரில் இருக்கும். ஜிஎஸ்டி சான்றிதழில் சட்டப்பூர்வப் பெயர், வணிகப் பெயர் என்று இரண்டுமே இருக்கும். ஐஇசியில் நிறுவனப் பெயர் என்று கேட்கும் இடத்தில் வங்கிக் கணக்கில் உள்ள அதே வணிகப் பெயரைப் புள்ளி, இடைவெளி மாறாமல் போடுங்கள். "அண்ட்" என்பதைச் சொல்லாக எழுதியிருக்கிறார்களா, குறியாகப் போட்டிருக்கிறார்களா என்பது வரை பாருங்கள். நோட்பேடில் ஒரு கோப்பு திறந்து நிறுவனப் பெயர், பான் பெயர், முகவரி, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எல்லாவற்றையும் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதிலிருந்தே ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்யவே வேண்டாம்.

படி 1: ஐஇசி

டிஜிஎஃப்டியின் அரசு இணையதளத்துக்குப் போங்கள். முகவரி ஜிஓவி டாட் ஐஎன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள். அரசுத் தளம் போலவே தோற்றமளித்து ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முன்னாடியே வந்து நிற்கும். அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

இம்போர்ட்டர்/எக்ஸ்போர்ட்டர் என்று பயனர் கணக்கு தொடங்கி, ஓடிபி போட்டு, அப்ளை ஃபார் ஐஇசி என்பதைத் தேர்ந்தெடுத்தால் படிவம் தானே வழிநடத்தும். தேவைப்படுவது நிறுவனத்தின் முகவரிச் சான்றும், பெயர் அச்சிட்ட கேன்சல்டு செக்கும். காசோலையில் பெயர் இல்லையென்றால் வங்கிச் சான்று. வாடகை இடம் என்றால் வாடகை ஒப்பந்தம். மின்கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்தால் அவரிடம் ஆட்சேபமில்லை என்று ஒரு கடிதம். கையெழுத்து ஆதார் ஓடிபி மூலமும் போடலாம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கணினியில் செருகும் யுஎஸ்பி கருவி) மூலமும் போடலாம்.

பணம் கட்டிய பிறகு திரை உறைந்துவிட்டால் உடனே மறுபடி கட்டிவிடாதீர்கள். சற்றுப் பொறுத்து டாஷ்போர்டில் பாருங்கள், பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

ஜிஎஸ்டி வந்த 2017 முதல், புதிதாகத் தரும் ஐஇசியும் பான் எண்ணும் ஒன்றேதான். "எனக்கு வேறு எண் வரவில்லையே" என்று பதற வேண்டாம். ஒரு பானுக்கு ஒரு ஐஇசி மட்டும்தான். கிளைகள் இருந்தால் அதற்குள்ளேயே சேர்க்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மின்னஞ்சல், கைபேசி இரண்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆடிட்டர் அலுவலகத்துடையதோ ஏஜென்ட்டுடையதோ வேண்டாம். பின்னால் வரும் ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும். அவர் போனை எடுக்காத நாளில் உங்கள் சரக்கு காத்திருக்கும்.

படி 2: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்

ஐஇசிக்கு ஆதார் போதும் என்பதால் பலர் டோக்கன் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அடுத்து வரும் கஸ்டம்ஸ் வேலைக்கு அது வேண்டும், இப்போதே வாங்கிவிடுங்கள். கிளாஸ் 3 என்று கேளுங்கள். கிளாஸ் 2 தருவது 2021 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. டோக்கனில் வரும் பெயரும் பானில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

விண்டோஸ் கணினியில் செய்யுங்கள் என்பேன். மேக்கில் முடியாது என்று சொல்லவில்லை, தலைவலி எதற்கு? கையெழுத்து மென்பொருள் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஜிஎஸ்டி தளத்துக்குப் போட்டது பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் இது மல்லுக்கு நிற்கும். டோக்கன் தெரியவில்லை என்று வந்தால் முதலில் மற்றதை மூடிவிட்டு முயலுங்கள்.

படி 3: வங்கியிடமிருந்து ஏடி கோட் கடிதம்

ஏடி என்பது அந்நியச் செலாவணி கையாள ரிசர்வ் வங்கியிடம் அனுமதி பெற்ற ஆத்தரைஸ்டு டீலர். வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு வரும் பணம் எந்த வங்கிக் கிளை வழியாக வரும் என்பதை அந்தக் கோட் சொல்லும். நீங்கள் போடும் ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் அந்தக் கிளையோடு பிணைக்கப்படும். போன சரக்குக்குப் பணம் வந்து சேர்ந்ததா என்று ரிசர்வ் வங்கி பின்னால் சரிபார்ப்பது அதை வைத்துத்தான்.

எல்லாக் கிளைக்கும் இந்த வேலை தெரியாது. நான் கணக்கு வைத்திருந்த கிளையில் ஐஎஃப்எஸ்சி கோடை ஒரு தாளில் எழுதி நீட்டி, இதுதான் ஏடி கோட் என்றார்கள். இரண்டும் வேறு. உங்கள் கிளைக்கு அந்நியச் செலாவணி வேலை இல்லையென்றால், அதே வங்கியின் எந்தக் கிளை அதைக் கையாள்கிறதோ அந்தக் கிளையின் கோட்தான் உங்களுக்கு வரும். ஆகவே மேலாளரிடம் போய் "ஏடி கோட் கொடுங்கள் சார்" என்று மொட்டையாகக் கேட்காமல், "நம் வங்கியில் ஃபாரெக்ஸ் பார்க்கும் கிளை எது, அங்கே யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். அலைச்சல் பாதியாகக் குறையும்.

கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில், நீங்கள் சரக்கு அனுப்பப் போகும் துறைமுகத்தின் கஸ்டம்ஸ் அதிகாரியை விளித்து எழுதியிருக்க வேண்டும். நிறுவனப் பெயர், ஐஇசி, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ஏடி கோட், துறைமுகத்தின் பெயர், தேதி, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, முத்திரை. இத்தனையும் இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து சரிபாருங்கள். மாதிரிக் கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

நான் செய்தபோது பதிவு துறைமுகம் வாரியாகத்தான். சென்னைத் துறைமுகத்தில் பதிந்தது சென்னை விமான நிலையத்துக்கு ஆகாது. இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு: துறைமுகம் ஐஎன்எம்ஏஏ1, விமானச் சரக்கு ஐஎன்எம்ஏஏ4. தூத்துக்குடி ஐஎன்டியூடி1, காட்டுப்பள்ளி ஐஎன்கேஏடி1. கடைசி எண்ணைப் பாருங்கள்: 1 என்றால் கடல், 4 என்றால் வானம், 6 என்றால் உள்நாட்டுக் கண்டெய்னர் டிப்போ. சரக்குப் பதிவு செய்யும்போது "சென்னை" என்று மட்டும் பேசிவிட்டு, கப்பல் காட்டுப்பள்ளியிலிருந்து புறப்படுகிறது என்று கடைசி நேரத்தில் தெரியவந்தால் திண்டாட்டம்தான். அனுப்ப வாய்ப்புள்ள எல்லா இடத்துக்கும் ஒரே தடவையில் கடிதம் வாங்கிவிடுங்கள்.

படி 4: ஐஸ்கேட்டில் பதிவு

ஐஸ்கேட் என்பது கஸ்டம்ஸின் இணையவாசல். ஐஇசி வைத்திருப்பவர் என்ற வகையில் கணக்கு தொடங்கி, டோக்கனை இணைத்துவிட்டு, பேங்க் அக்கவுண்ட் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போங்கள். இங்கே பதிய வேண்டியவை இரண்டு, பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒன்று ஏடி கோட். ஏடி கோட், துறைமுகக் கோட், கணக்கு விவரம் கொடுத்து வங்கிக் கடிதத்தைக் கையெழுத்திட்ட பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். கோப்பு 1 எம்பிக்குள் இருக்கட்டும். கைபேசியில் படமெடுத்து மாற்றுவதைவிட நல்ல ஸ்கேனரில் கறுப்பு வெள்ளையில் எடுப்பதே மேல். அளவும் குறையும், முத்திரையும் தெளிவாகத் தெரியும்.

மற்றது, டிராபேக் (ஏற்றுமதிப் பொருளுக்காகக் கட்டிய சுங்க வரியில் திரும்பக் கிடைப்பது), ஐஜிஎஸ்டி ரீஃபண்ட் இரண்டும் வந்து சேர வேண்டிய கணக்கு. இது ஐஎஃப்எஸ்சி கொடுத்துப் பதிவது. இதை பிஎஃப்எம்எஸ் என்ற அரசுப் பணப்பட்டுவாடா அமைப்பு வங்கியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். படி 0 ஏன் என்று இங்கேதான் புரியும். பெயரில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் இங்கே திரும்பி வரலாம். இந்த இரண்டாவது பதிவை விட்டுவிட்டால் சரக்கு போகும், வர வேண்டிய பணம் மட்டும் வராது.

அனுப்பிய பின் அந்தத் துறைமுகத்தின் கஸ்டம்ஸ் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். ஸ்டேட்டஸ் நகராமல் இருந்தால் உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் சொல்லுங்கள். அங்கே தினமும் போகிறவர் அவர்தான். புரோக்கரையே முழுக்க நம்பி பாஸ்வேர்டையும் டோக்கனையும் கொடுத்துவிடுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. டோக்கன் என்பது உங்கள் கையெழுத்து.

படி 5: எல்யூடி

வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுங்கள். கட்டணம் இல்லை. நிதியாண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 உடன் காலாவதி. இறக்குமதி மட்டும் செய்பவருக்கு இது தேவையில்லை.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துவிட்டு ஒருவர், தன் ஐஇசி செயலிழந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஐஇசிக்குக் காலாவதி இல்லை என்பது சரிதான், ஆனால் 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை உள்ளே போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் செய்ய வேண்டும். அந்த மாதங்களில் கட்டணம் கிடையாது, மற்ற மாதங்களில் திருத்தத்துக்கு 200 ரூபாய். செயலிழந்ததையும் விவரங்களைப் புதுப்பித்து உயிர்ப்பித்துக்கொள்ளலாம்.

இன்னொருவர் ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த ஐஇசியை வைத்திருக்கிறார், தளத்தில் நுழைய வழியில்லை. புதிதாகப் பயனர் கணக்கு தொடங்கி லிங்க் ஐஇசி என்பதைப் பயன்படுத்த வேண்டும். ஓடிபி ஐஇசியில் உள்ள பழைய மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும்தான் போகும், எனவே ஏஜென்ட்டுடன் நல்ல உறவில் இருக்கும்போதே அதைச் செய்து முடித்து, உடனே தொடர்பு விவரங்களை மாற்றிவிடுங்கள்.

பொருளுக்கு வேறு அனுமதி வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். பொருளைப் பொறுத்தது. பொருளை வகைப்படுத்தும் 8 இலக்க ஐடிசி எச்எஸ் எண்ணைக் கண்டுபிடித்து, அது தடையற்றதா, கட்டுப்பாடுள்ளதா, தடைசெய்யப்பட்டதா என்று டிஜிஎஃப்டி தளத்தில் பாருங்கள். மிளகு, ஏலக்காய் என்றால் ஸ்பைசஸ் போர்டு, காய்கறி பழம் என்றால் வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான அபேடா என்று அந்தந்த அமைப்பில் ஆர்சிஎம்சி உறுப்பினர் பதிவும் வேண்டியிருக்கும். அதற்கும் விண்ணப்பம் இப்போது டிஜிஎஃப்டி தளத்திலேயே. ஐடிசி எச்எஸ் எண்ணைப் பார்க்காமல், வாங்குபவரிடம் விலை பேசிவிடாதீர்கள்.