டீலர் நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்: த்ரீ கார்ட் போக்கர் ஆடவும் சீட்டுப் போடவும்

கல்யாண மண்டபத்து மாடியில் விடிய விடிய ரம்மி ஆடியவர்கள்கூட, போக்கர் என்றதும் சற்றுப் பின்வாங்குவார்கள். எதிராளியின் முகத்தைப் படிக்க வேண்டும், கையில் ஒன்றும் இல்லாமலே மிரட்ட வேண்டும், ஏழு சீட்டில் ஐந்தைப் பொறுக்க வேண்டும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பார்கள். த்ரீ கார்ட் போக்கரில் இவை எதுவும் கிடையாது. ஆளுக்கு மூன்று சீட்டு. ஒவ்வொருவருக்கும் டீலரோடு (சீட்டுப் போடுபவரோடு) மட்டும்தான் போட்டி. பக்கத்தில் இருப்பவரின் சீட்டு எப்படி இருந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை. எடுக்க வேண்டிய முடிவும் ஒன்றுதான்: ஆடுவதா, கவிழ்ப்பதா (சீட்டைத் தள்ளிவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகுவதா). 1994-இல் டெரிக் வெப் என்ற பிரிட்டிஷ்காரர் உருவாக்கிய ஆட்டம் இது. இன்று பல நாடுகளின் காசினோ மேஜைகளில் இதைப் பார்க்கலாம்.

கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, முதல் நாளிலேயே டீலர் இடத்தில் உட்காருங்கள் என்பதுதான். ஆடுபவர் தன் மூன்று சீட்டை மட்டுமே பார்க்கிறார். டீலரோ மேஜையில் விழும் எல்லாக் கைகளையும் (ஒருவருக்கு விழும் மூன்று சீட்டும் சேர்ந்தது ஒரு கை) பார்க்கிறார், எல்லோருக்கும் கொடுக்கிறார், எல்லோரிடமிருந்தும் எடுக்கிறார். ஒரு மாலை முழுக்க அந்த இடத்தில் உட்கார்ந்தால் விதிகள் தானாக மனதில் பதியும். காசினோவுக்கு லாபம் எந்த வழியாக வருகிறது என்பதும் கண்ணெதிரே தெரியும்.

காசு வேண்டாம், புளியங்கொட்டை போதும்

தமிழ்நாட்டில் காசினோ கிடையாது. சென்னை நகரக் காவல் சட்டம் (1888), தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் (1930) என்று பழைய சட்டங்களே இங்கே சூதாட்டத்தைத் தடுக்கின்றன. பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டங்களை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறது. கோவா, சிக்கிம் போன்ற இடங்களில் உரிமம் பெற்ற காசினோக்கள் உண்டு. அங்கோ கப்பல்களிலோ டீலர் வேலைக்குப் போக நினைப்பவர்களும், வீட்டில் பொழுதுபோக்காக ஆட விரும்புபவர்களும் புளியங்கொட்டையை வைத்தே முழு ஆட்டத்தையும் கற்றுக்கொள்ளலாம். பல்லாங்குழிச் சோழி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சோழிக்கு ஐந்து கொட்டை என்று மதிப்பு வைத்துக்கொண்டால் சில்லறை மாற்றவும் பழக்கம் வரும்.

சீட்டு வாங்கும்போது பிளாஸ்டிக் சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். சென்னையின் கடற்காற்று ஈரத்தில் காகிதச் சீட்டு ஒரே வாரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு சீட்டு போடும் இடத்தில் இரண்டு விழும், அந்தச் சுற்றே வீணாகும். மின்விசிறிக்கு நேர் கீழே மேஜையைப் போடாதீர்கள். மேஜைமேல் ஒரு கனமான போர்வையை இழுத்து விரித்தால் சீட்டு வழுக்கி ஓடாது, நகத்தால் எடுக்கவும் வரும்.

போர்வைமேல் ஒவ்வொருவர் முன்னாலும் சாக்பீஸால் மூன்று வட்டம் போடுங்கள். டீலருக்கு அருகில் இருப்பது ‘பேர் பிளஸ்’. நடுவில் ‘ஆன்டே’. ஆடுபவருக்கு அருகில் ‘பிளே’. காசினோ மேஜைத் துணியிலும் வழக்கமாக இந்த வரிசைதான் இருக்கும்.

எந்தக் கை பெரியது

ஜோக்கர் இல்லாத 52 சீட்டு. பெரியதிலிருந்து சிறியதாக வரிசை இது: பியூர் சீக்வென்ஸ் (ஒரே இனத்தில் தொடர்ச்சியான மூன்று), ட்ரெயில் (மூன்று ராஜா, மூன்று ஏழு என்பது போல), சீக்வென்ஸ், கலர் (மூன்றும் ஒரே இனம்), ஜோடி, கடைசியாக எதுவும் சேராத கை. எதுவும் சேராவிட்டால் பெரிய சீட்டை வைத்து ஒப்பிட வேண்டும். அது சமமானால் இரண்டாவது சீட்டு, அதுவும் சமமானால் மூன்றாவது. இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் நான்குக்கும் ஒரே மதிப்புதான்.

தீன் பத்தி என்ற மூன்று சீட்டு ஆட்டத்தை ஆடிப் பழகியவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ட்ரெயில்தான் உச்சம். இங்கே பியூர் சீக்வென்ஸ் அதை வெல்லும். அங்கே பலரும் ஏஸ்-2-3-ஐ இரண்டாவது பெரிய சீக்வென்ஸாக வைத்து ஆடுவார்கள். இங்கே அதுதான் இருப்பதிலேயே சின்னது. ராஜா-ஏஸ்-2 சீக்வென்ஸே ஆகாது. ஐந்து சீட்டுப் போக்கர் தெரிந்தவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: அதில் கலர் சீக்வென்ஸை வெல்லும், இதில் சீக்வென்ஸ் கலரை வெல்லும்.

காரணம் எண்ணிக்கைதான். 52 சீட்டிலிருந்து மூன்றை எடுக்க 22,100 வழிகள் உண்டு. அவற்றில் பியூர் சீக்வென்ஸ் 48, ட்ரெயில் 52, சீக்வென்ஸ் 720, கலர் 1,096, ஜோடி 3,744. மீதி 16,440-இல் எதுவுமே சேராது. அரிதானது பெரியது, அவ்வளவுதான். இந்த ஆறு எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு சுற்று நடக்கும் விதம்

முதலில் ஆன்டே. சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஆளுக்கு ஐந்து கொட்டை நடு வட்டத்தில் வைக்கட்டும். விரும்புபவர்கள் பேர் பிளஸ் வட்டத்திலும் தனியாக வைக்கலாம். ஜோடியோ அதைவிடப் பெரியதோ வருமா என்பதற்கான பக்கப் பந்தயம் அது.

டீலராகிய நீங்கள் சீட்டைக் கவிழ்த்துப் பரப்பி, இரு உள்ளங்கைகளாலும் வட்டமாகத் தேய்த்துக் கலையுங்கள். பிறகு கட்டாக அடுக்கி, இரண்டாகப் பிரித்து, ஓரங்களைக் கோத்துக் கலையுங்கள். இப்படி இரண்டு முறை. நடுவிலிருந்து சிறு சிறு கொத்தாக உருவி மேலே போட்டு, மீண்டும் ஒரு முறை கோத்துக் கலைத்து, வெட்டுங்கள். இவ்வளவு நேரமும் கட்டு மேஜையை ஒட்டியே இருக்க வேண்டும். தூக்கிப் பிடித்துக் கலைத்தால் அடிச்சீட்டு எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பெரிய காசினோக்களில் கலைக்கும் இயந்திரமே மும்மூன்று சீட்டாகப் பிரித்துத் தரும். வீட்டில் கையால் போடும்போது உங்கள் இடது கைப்பக்கம் இருப்பவரிடம் தொடங்கி, ஒவ்வொரு சீட்டாக, கடைசியில் உங்களுக்கு என்று மூன்று சுற்று போடுங்கள். சீட்டை வீசாதீர்கள். விரல் நுனியால் தள்ளினால் போதும், போர்வையை ஒட்டியே போய்ச் சேரும்.

இப்போது அவரவர் சீட்டை அவரவர் பார்க்கலாம். காட்டக் கூடாது, வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. வீட்டில் இதை நடைமுறைப்படுத்துவதுதான் கஷ்டம். அத்தைகளும் தம்பிகளும் சும்மா இருக்க மாட்டார்கள். ஆனாலும் விடாதீர்கள். கை பிடித்தால், ஆன்டே எவ்வளவோ அதே அளவு பிளே வட்டத்தில் வைத்து, சீட்டை முகம் கீழாக அருகில் வைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் சீட்டைத் தள்ளிவிட வேண்டும். ஆன்டே போய்விடும், பேர் பிளஸ் வைத்திருந்தால் அதுவும் போகும். கவிழ்த்த சீட்டுகளை வாங்கும்போது மூன்று இருக்கிறதா என்று விரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓரத்தில் வைக்க வேண்டும்.

எல்லோரும் முடிவெடுத்த பிறகே உங்கள் சீட்டைத் திறங்கள். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, என்ன கை என்று உரக்கச் சொல்லுங்கள். டீலரின் கையில் குறைந்தது ராணியாவது இருக்க வேண்டும் (அல்லது ஜோடி முதலான ஏதாவது ஒரு சேர்க்கை). அப்போதுதான் டீலர் கைக்குத் தகுதி. தகுதி இல்லையென்றால் ஆடியவர்களுக்கு ஆன்டேக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, பிளேயை அப்படியே திருப்பித் தர வேண்டும். தகுதி இருந்தால் ஒப்பிட வேண்டும்: அவர் கை பெரியதானால் ஆன்டே, பிளே இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று; உங்கள் கை பெரியதானால் இரண்டும் உங்களுக்கு; சமமானால் இரண்டும் திரும்பப் போகும்.

கணக்குத் தீர்ப்பது சீட்டுப் போட்ட திசைக்கு நேர் எதிராக, உங்கள் வலது கைப்பக்கத்திலிருந்து. ஒருவருடைய கணக்கை முழுதாக முடித்து, அவருடைய சீட்டை எடுத்த பிறகே அடுத்தவரிடம் போங்கள்.

இதோடு இரண்டு கூடுதல் கொடுப்பினைகள் உண்டு. இரண்டும் டீலரின் கையைப் பொறுத்தவை அல்ல. ஆடியவர் டீலரிடம் தோற்றிருந்தாலும் ஆன்டே போனஸ் உண்டு: சீக்வென்ஸுக்கு ஒரு பங்கு, ட்ரெயிலுக்கு நான்கு, பியூர் சீக்வென்ஸுக்கு ஐந்து. பேர் பிளஸ் வைத்திருந்தால் ஜோடிக்கு ஒன்று, கலருக்கு நான்கு, சீக்வென்ஸுக்கு ஆறு, ட்ரெயிலுக்கு முப்பது, பியூர் சீக்வென்ஸுக்கு நாற்பது. புதிய டீலர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டீலர் வென்ற வேகத்தில் மூன்று வட்டத்தையும் வழித்து எடுத்துவிடுவார்கள். ஜோடியோடு ஆடித் தோற்றவரின் பேர் பிளஸ் வென்ற பந்தயம். அதைத் தொடக் கூடாது, அதற்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு சுற்றைக் கூடவே பார்ப்போம்

உங்கள் இடதில் அக்கா, நடுவில் அத்தை, வலதில் தம்பி. எல்லோரும் ஆன்டே ஐந்து. அத்தை மட்டும் பேர் பிளஸிலும் ஐந்து வைத்திருக்கிறார்.

அக்காவுக்கு டைமன் ராணி, கிளாவர் 6, இஸ்பேட் 3. யோசித்துக் கவிழ்க்கிறார். அவருடைய ஐந்து கொட்டை உங்களிடம் வருகிறது. அத்தைக்கு ஆர்ட்டினில் ஜாக்கி, 9, 4, கலர். பிளேயில் ஐந்து வைக்கிறார். தம்பிக்கு இஸ்பேட் 7, டைமன் 8, கிளாவர் 9, சீக்வென்ஸ். அவனும் ஐந்து வைக்கிறான்.

நீங்கள் திறக்கிறீர்கள்: கிளாவர் ஜாக்கி, இஸ்பேட் 5, டைமன் 2. “ஜாக்கிதான், தகுதி இல்லை” என்று சொல்லுங்கள். வலதிலிருந்து தொடங்கினால் முதலில் தம்பி: ஆன்டேக்கு ஐந்து, பிளே அப்படியே திரும்புகிறது, சீக்வென்ஸுக்கு போனஸ் ஐந்து. ஆக லாபம் பத்து. அடுத்து அத்தை: ஆன்டேக்கு ஐந்து, பிளே திரும்புகிறது, பேர் பிளஸில் கலருக்கு நான்கு மடங்காக இருபது. ஆக லாபம் இருபத்தைந்து. கொட்டைகளைக் குவியலாகத் தள்ளாமல் ஐந்தைந்தாகப் பிரித்து, பந்தயத்தின் பக்கத்தில் வையுங்கள். மேஜையில் யார் பார்த்தாலும் கணக்குச் சரியா என்று தெரிய வேண்டும்.

இந்த நேரத்தில் அக்கா கேட்பார்: “நானும் ஆடியிருந்தால் ஐந்து கிடைத்திருக்குமே?” கிடைத்திருக்கும். இருந்தாலும் அவர் கவிழ்த்ததுதான் சரி.

ராணி-6-4 என்ற எல்லைக்கோடு

22,100 டீலர் கைகளில் 6,720 தகுதி பெறாதவை; நூற்றுக்கு முப்பது. உங்கள் கையில் ஜாக்கியோ அதற்குக் கீழோ இருந்து எதுவும் சேரவில்லை என்றால், தகுதி பெற்ற டீலரை நீங்கள் வெல்ல வழியே இல்லை. அப்படிப்பட்ட கையோடு நூறு முறை ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் முப்பது முறை டீலர் தகுதி பெறமாட்டார், முறைக்கு ஒரு பங்கு வீதம் முப்பது வரும். மீதி எழுபது முறை ஆன்டேயும் பிளேயும் சேர்ந்து போகும், நூற்று நாற்பது. நிகர நஷ்டம் நூற்றுப் பத்து. நூறு முறையும் கவிழ்த்திருந்தால் நஷ்டம் நூறோடு நின்றிருக்கும்.

கையில் ராணி இருந்தால், டீலரின் சின்ன ராணிக் கைகளைச் சில முறை வெல்லலாம். அந்தக் கூடுதல் லாபம் ஆடுவதைக் கவிழ்ப்பதைவிட மேலாக்கும் இடம் ராணி-6-4. அதுவோ அதற்கு மேலோ இருந்தால் ஆடுங்கள். ராணி-7-2 ஆடலாம், ஏனென்றால் இரண்டாவது சீட்டு ஆறைத் தாண்டிவிட்டது. ராணி-6-3, ராணி-5-4 இரண்டும் கவிழ்க்க வேண்டியவை. ராஜாவோ ஏஸோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மொத்த ஆட்டத்துக்கும் உத்தி இவ்வளவுதான்.

இப்படிப் பிசகாமல் ஆடினாலும், ஆன்டேயில் வைக்கும் ஒவ்வொரு நூறுக்கும் சராசரியாக 3.37 டீலர் பக்கம் போகும். ஆடுபவர் முதலில் முடிவெடுக்கிறார். அவர் கவிழ்த்த பிறகு டீலருக்குத் தகுதியே இல்லாமல் போனாலும் அந்த ஆன்டே திரும்பாது. அக்காவின் ஐந்து கொட்டை போனது இப்படித்தான். நல்ல கையோடு பிளே வைத்தவருக்கும், டீலர் தகுதி பெறாவிட்டால் பிளேக்கு ஒன்றும் கிடைக்காது.

பேர் பிளஸ் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அந்தத் தாளை எடுங்கள். எல்லாக் கைகளும் ஒரு முறை வந்ததாகக் கொண்டு, முறைக்கு ஒரு கொட்டை வையுங்கள். ஜோடிக்கு 3,744, கலருக்கு 4,384, சீக்வென்ஸுக்கு 4,320, ட்ரெயிலுக்கு 1,560, பியூர் சீக்வென்ஸுக்கு 1,920. வருவது 15,928, போவது 16,440. இடைவெளி 512, அதாவது நூற்றுக்கு 2.32. சில மேஜைகளில் கலருக்கு நான்குக்குப் பதில் மூன்றுதான் தருவார்கள். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் 1,096 குறைந்து இடைவெளி 1,608 ஆகிறது, நூற்றுக்கு 7.28, மூன்று மடங்குக்கு மேல். எங்கே உட்காரப் போனாலும் மேஜைத் துணியில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணை முதலில் பாருங்கள்.

பழகும் முறை

முதலில் ஆள் சேர்க்காமல் தனியாக உட்கார்ந்து நான்கு கை போடுங்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள்: “ஏழில் ஜோடி”, “ராஜா-9-2”. பார்த்தவுடன் சொல்ல வரும்வரை கொட்டையைத் தொடாதீர்கள். பிறகு கணக்குத் தீர்ப்பதை மட்டும் பழகுங்கள். ஆன்டே, பிளே, போனஸ், பேர் பிளஸ் என்ற வரிசை கைக்கு மாறாமல் வர வேண்டும். வீட்டு ஆட்களைக் கூப்பிடுவது அதன் பிறகுதான், அதுவும் முதலில் இரண்டு பேர் போதும். வேலைக்காகக் கற்பவர்கள், மேஜையை விட்டு எழும்போதெல்லாம் இரு கைகளையும் தட்டி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவதையும் இப்போதே வழக்கமாக்கிக்கொள்ளட்டும். கையில் எதையும் மறைத்து எடுத்துப் போகவில்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டும் முறை அது. பயிற்சி வகுப்பில் முதல் நாளே கேட்பார்கள்.