தோட்டத்துப் பக்குவத்தில் தே தாரிக்: அளவும் காரணமும்

தே தாரிக் என்பது டின்பால் கலந்து, மங்குக்கு மங்கு இழுத்து ஆற்றும் மலேசியத் தேநீர். பன்னிரண்டு கிளாஸுக்குக் கணக்கு: தண்ணீர் 2 லிட்டர், தேத்தூள் 80 கிராம், 500 கிராம் டின்பால் (சீனி சேர்த்துக் கெட்டியாக்கிய பால்) ஒன்று. தனிச் சீனி வேண்டாம். பீடோங், சுங்கை சிப்பூட் போன்ற ரப்பர் தோட்டப் பட்டணங்களின் ஒட்டுக்கடைகளில் (சாலையோரச் சிறு கடைகளில்) கிடைக்கும் கெட்டித்தன்மை இந்த அளவில் வந்துவிடும்.

இலைத் தேயிலை இதற்கு ஆகாது. டஸ்ட் எனப்படும் பொடித்தூள்தான் வேண்டும். தரம் பிரிக்கும்போது கடைசியில் நிற்கும் மலிவான தூள் இது. ஆனால் ஐந்தே நிமிடத்தில் சாயம் முழுக்க இறங்கும். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) ஓடிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு (ரப்பர் மரம் சீவுபவருக்கு) அதுதான் கட்டுப்படியானது. டின்பாலும் அப்படித்தான். பாலை வெற்றிடத்தில் வற்றவைக்கும் முறைக்குக் கெயில் போர்டன் 1856-ல் காப்புரிமை பெற்றார்; சீனி அதில் சேராது. டின்பாலில் சேர்க்கும் சீனியே பாலைக் கெடாமல் காப்பதால், ஐஸ்பெட்டி இல்லாத லயத்து வீட்டிலும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலும்) இருப்பு வைக்க முடிந்தது.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, காம்பு வைத்த துணிப்பையில் தூளைப் போட்டு ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். பத்து நிமிடம் ஆனால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். எவ்வளவு பால் விட்டாலும் மறையாது. கரண்டியில் எடுத்த சாயத்தில் கரண்டியின் அடி தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை.

இரண்டு கிளாஸுக்கான சாயம், சுமார் 280 மில்லி, மங்கில் (பிடி வைத்த பெரிய குவளையில்) ஊற்றி நான்கு மேசைக்கரண்டி டின்பால் விட்டு அடிவரை கலக்குங்கள். அடியில் பால் தங்கினால் முதல் கிளாஸ் சப்பென்றும் கடைசி கிளாஸ் திகட்டியும் இருக்கும்.

இனி இழுப்பு. இரண்டு மங்கும் ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும்; சின்ன மங்கில் சிந்தும். வாயோடு வாய் வைத்து ஊற்றத் தொடங்கி, தாரை விழ ஆரம்பித்த பிறகே மேல் கையை உயர்த்தி, கீழ்க் கையை இறக்குங்கள். தொடக்கத்திலேயே உயர்த்தினால் தாரை சிதறிக் கையைச் சுடும். பார்வை கீழ் மங்கில் இருக்கட்டும். முடியும்போது மங்குகள் மீண்டும் நெருங்கி வரவேண்டும். ஆறேழு இழுப்பு போதும். அதற்கு மேல் போனால் தே ஆறிவிடும். ஆறியதை அடுப்பில் ஏற்றினால் பால் அடிபிடிக்கும்.

நுரை நிற்கவில்லையா? டின்னைத் திருப்பிப் படியுங்கள். இப்போது கடையில் அடுக்கியிருப்பதில் பல, செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்பு கிரீமர். நுரையைத் தாங்கும் பால்புரதம் அதில் குறைவு. கிளாஸுக்கு ஒரு மேசைக்கரண்டி எவாப்பரேட்டட் பால் (சீனியில்லாமல் வற்றவைத்த டின் பால்) சேர்த்தால் சரியாகும்.

தோட்டத்தில் எதைக் குடிப்பது என்பது அரசியலாகவும் இருந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒரு கோரிக்கை. 1947-ல் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை அதற்காகவே களத்தில் இறங்கியது. கோயில் திருவிழாவில் நூறு பேருக்குத் தே கலக்கும் இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அந்த நூறு பேருக்கு: டின்பால் ஒன்பது, தூள் 700 கிராம், தண்ணீர் 17 லிட்டர். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊறப்போடாதீர்கள். பரிமாறி முடிப்பதற்குள் மிச்சம் கசந்துவிடும். மூன்று நான்கு தவணையாக இறக்குங்கள், தூளை ஒவ்வொரு தவணையும் மாற்றுங்கள்.

புதுத் துணிப்பையை முதலில் வெந்நீரில் கொதிக்கவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். பிறகு எப்போதும் வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும். சோப்பு பட்டால் அந்த வாடை அடுத்த தேயில் தெரியும்.