மலையகத்துக்கு டெங்கு மாதிரி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெங்குப் பரவலைக் கணிக்கும் கணித மாதிரி மலையகத்தில் முதலில் பிசகுவது வெப்பநிலையில்தான். நுவரெலியா நகர் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி சுமார் 16 பாகை செல்சியஸ். அதே மாவட்டத்துக் கினிகத்தேனை ஆயிரம் மீற்றருக்கும் மேல் தாழ்வில் உள்ளது. உயரம் ஆயிரம் மீற்றர் குறைந்தால் வெப்பம் 6.5 பாகையளவு கூடும். நகர வானிலை நிலையத்தின் எண்ணை மாவட்டம் முழுவதற்கும் போட்டால், கினிகத்தேனையில் டெங்கு பரவவே முடியாது என்றுதான் விடை வரும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நுளம்பின் உடலில் வைரசு பெருகி உமிழ்நீரை எட்ட, 25–28 பாகையில் 8–12 நாள் ஆகும். குளிரில் இன்னும் நீளும். நுளம்பு ஒரு நாள் உயிர்தப்பும் வாய்ப்பு 0.9 என்று கொள்வோம். பத்து நாளைத் தாண்டுபவை நூற்றுக்கு 35. இருபது நாளைத் தாண்டுபவை 12தான். ஆகவே வைரசு முதிரும் இந்தக் காலத்தை மாறாத எண்ணாக வைக்கவே கூடாது. பிரதேசத்தை 200 மீற்றர் உயரப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலையைத் திருத்திக்கொள்ளுங்கள். பகல் வெயிலும் இரவுக் குளிரும் வெகுவாக வேறுபடும் இடங்களில், மணிவாரியாகப் பரவல் வீதத்தைக் கணித்து அதற்குச் சராசரி எடுங்கள். வெப்பநிலையின் சராசரியை வைத்து வீதத்தைக் கணித்தால் விடை மாறிவிடும்.

அடுத்தது மழை. அட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். பதுளைக்கு வடகீழ்ப் பருவமழைதான் முக்கியம். இரண்டுக்கும் ஒரே மழைத்தொடர் உதவாது. முட்டை நுளம்பாக வேண்டும், வைரசு முதிர வேண்டும், கடிபட்டவருக்குக் காய்ச்சல் காண மேலும் 4–10 நாள் வேண்டும். எனவே மழைக்கும் நோய்க்கும் இடையே 4 முதல் 12 வாரம் வரையான பிந்தல்களைச் சோதியுங்கள். மழை கூடக்கூட நோயும் கூடும் என்ற நேர்கோடும் தவறு: அடைமழை குடம்பிகளை அடித்துச் செல்லும், வறட்சியில் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் மூடாத பீப்பாய்களில் தேக்கிய நீர் அவற்றை வளர்க்கும்.

கொழும்பில் வேலை செய்பவர்கள் தீபாவளிக்கு ஊர் திரும்பியதுமே காய்ச்சலில் படுத்தால், அது உள்ளூர்த் தொற்றாகாது. காய்ச்சலுக்கு முந்திய இரு வாரப் பயணத்தைக் கேட்டு, அத்தகையவர்களை வெளியிலிருந்து வந்த தொற்றாக, தனி உள்வரவாக மாதிரியில் சேருங்கள்.

மாதிரியைச் சரிபார்க்கத் தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எனப் பிரிக்கும்போது வாரங்களைக் கலைத்துப் போடாதீர்கள். எதிர்காலம் பயிற்சித் தரவுக்குள் கசிந்துவிடும். 2016 வரையான தரவில் பயிற்றி, 2017இன் தரவில் சோதித்துப் பாருங்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாக அறிவிக்கப்பட்டார்கள். மேலோங்கி நின்றது டெங்கு வைரசின் இரண்டாம் வகை. மழையையும் வெப்பத்தையும் மட்டும் அறிந்த மாதிரிக்கு வைரசு வகை மாறுவது தெரியாது. அதைத் தனி மாறியாகச் சேர்க்கத்தான் வேண்டும்.