தூக்கிக்கொண்ட நகத்தை மேலும் கெடுக்கும் காரியங்கள்

விரல் நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டால், விட்டுப்போன அந்தப் பகுதி மறுபடி ஒட்டவே ஒட்டாது. இதை மனதில் வாங்கிக்கொண்டாலே பாதித் தவறுகள் நடக்காது. நகம் சதையோடு சேர்ந்திருக்கும் வரை இளஞ்சிவப்பாகத் தெரியும். பிடிப்பு விட்ட இடத்தில் காற்று புகுந்து வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரியும். தோல் மருத்துவர்கள் இதை ஒனிக்கோலைசிஸ் என்பார்கள். குணமாவது என்றால், நகவேரிலிருந்து வரும் புது நகம் சதையைப் பிடித்துக்கொண்டே முன்னேறி, பழைய வெள்ளைப் பகுதியை நுனிக்குத் தள்ளி வெளியேற்றுவதுதான். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக வர 4 முதல் 6 மாதம் ஆகும். நாம் செய்யவேண்டியது அந்தப் புது நகத்தின் வழியில் குறுக்கே நிற்காமல் இருப்பது. ஆனால் நம் கை சும்மா இருக்காதே!

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் இந்தக் கோளாறுக்குப் பஞ்சமில்லை. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாறையில் மரிக்கொழுந்து என்ற கடற்பாசியைக் கையால் பறிக்கும் பெண்கள், மண்டபம் பக்கத்து நண்டுக் கம்பெனிகளில் ஓட்டை உடைத்துச் சதை எடுப்பவர்கள், ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறால் தலை கிள்ளுகிறவர்கள், முண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறவர்கள் என்று எல்லோருக்கும் நுனி நகத்தில்தான் வேலை. அடிபடுவதும் ஊறுவதும் சேர்ந்தால் நகம் விடும். வீட்டில் பாத்திரம் துலக்கும் பவுடரும், ஜெல் நகப்பூச்சை அசிட்டோன் போட்டுச் சுரண்டுவதும் இதே வேலையைச் செய்யும்.

தவறுகளில் முதல் இடம் எதற்கென்று என்னைக் கேட்டால், சுத்தம் செய்வதற்குத்தான். நகம் தூக்கிக்கொண்டதும் உள்ளே மணலும் அழுக்கும் சேர்ந்து கறுப்புக் கோடு போட்டுவிடும். பார்க்கவே பொறுக்காது. ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி, நகவெட்டியில் மடித்து வைத்திருக்கும் அந்தக் கூர்முனை என்று கையில் கிடைத்ததை விட்டு நோண்டுவோம். நோண்டி முடித்தால் அழுக்கு போயிருக்கும், விரலும் பளிச்சென்று இருக்கும். ஆனால் பிடித்துக்கொண்டிருந்த ஓரத்தில் ஊக்கு முனை இன்னும் கொஞ்சம் பிரித்துவிட்டிருக்கும். பிரிந்த இடத்தில் மறுநாள் இன்னும் கொஞ்சம் மணல் ஏறும், மறுபடி ஊக்கு வரும். பல மாதம் ஆறாத நகங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு ஊக்கு இருக்கும். தேய்ப்பதற்கு நகப் பிரஷும் வேண்டாம். விரலைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஓடுகிற நல்ல தண்ணீரில் காட்டி, உதறி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அதிலும் போகாத அழுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

அழுக்கு சேராமலிருக்க உண்மையான வழி, தூக்கிக்கொண்ட பகுதியை வெட்டிவிடுவது. இங்கே இரண்டு விதமாகத் தப்பு செய்கிறோம். சிலர் நகத்தின் அழகு போய்விடும் என்று நீளமாகவே விட்டுவைப்பார்கள். அது வலையிலும் சேலை நூலிலும் மாட்டி நெம்பும். ஒவ்வொரு நெம்பலும் பிரிவை ஆழப்படுத்தும். வேறு சிலர், எப்படியும் விழப்போகிற நகம்தானே என்று இழுத்துப் பிய்த்துவிடுவார்கள். பிய்க்கும்போது ஒட்டியிருக்கும் நல்ல பகுதியும் சேர்ந்து கிழியும், நகவேரில் காயம் பட்டால் பிறகு வருவது கோணலாக வரலாம். குளித்து முடித்ததும் நகம் மெத்தென்று இருக்கும். அப்போது சதையில் ஒட்டாத வெள்ளைப் பகுதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வாரம் ஒருமுறை அதையே தொடருங்கள். வலித்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், வலிக்கிற இடத்தில் நகம் இன்னும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபெவிகுயிக் வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரத்தையும் கிருமியையும் மூடிபோட்டு அடைத்ததுபோல் ஆகிவிடும், போதாததற்கு அந்தப் பசையே சிலருக்கு ஒவ்வாமை தந்து இன்னும் நகத்தைத் தூக்கும்.

ஈர விஷயத்துக்கு வருவோம். 'தண்ணீரில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதுவது சுலபம். தண்ணீரில்தான் சோறு என்றிருக்கிறவர்களிடம் அதைச் சொல்லி என்ன பயன்? பாசி எடுக்கும் பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். பாறையிலிருந்து அது காப்பாற்றுகிறது, சரிதான். தப்பு கரையேறிய பிறகு நடக்கிறது. பாசியைக் கொட்டி, எடை போட்டு, பேச்சு முடிந்து வீடு சேரும் வரை அந்த ஈரத்துணி விரலிலேயே கிடக்கும். அவிழ்த்துப் பார்த்தால் விரல்நுனி வெளுத்து, சுருங்கி, நகத்தடி பொதபொதவென்று இருக்கும். ஆகவே, கரையேறியதும் முதல் வேலை துணியை அவிழ்ப்பது. இரண்டாவது, உப்பு போக நல்ல தண்ணீரில் அலசுவது. அடுத்து, விரலைத் துடைத்துக் காற்றாட விடுவது. மறுநாளைக்குக் காய்ந்த துணி வேண்டும், நேற்றைய ஈரத்துணி ஆகாது. நண்டு, இறால் வேலையில் ரப்பர் கையுறை போட்டால் மட்டும் போதாது. உள்ளே வேர்த்து விரல் ஊறும், அடியில் மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று இருக்கவேண்டும், அது நனைந்ததும் மாற்றவேண்டும். பிளாஸ்திரியும் அப்படியே. வேலை நேரத்தில் இடிபடாமலிருக்கத் தளர்வாகச் சுற்றலாம், இரவிலும் இறுக்கிக் கட்டி வைப்பது ஈரத்தைப் பொத்தி வளர்ப்பதாகிவிடும்.

விசைப்படகை நம்பி வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நல்ல காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வருமானத்துக்குக் கெட்ட காலம்தான், ஆனால் அந்த இரண்டு மாதத்தில் நகம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும், அதாவது பாதி நகம். கையைக் காயவைத்துக்கொள்ள அதைவிட வசதியான நேரம் கிடையாது.

இனி மருந்துக்கடை. "தம்பி, நகம் விட்டுப்போச்சுப்பா, ஏதாவது ஆயின்மென்ட் குடு" என்பதும், "இது பங்கஸ்தான்க்கா, இதைத் தடவுங்க" என்று ஒரு டியூப் கைக்கு வருவதும் எந்த ஊரிலும் நடப்பது. தூக்கிக்கொண்ட நகமெல்லாம் பூஞ்சை கிடையாது. அடிபட்டது, ஊறியது, சோரியாசிஸ் என்ற தோல் நோய் என்று காரணம் பல. கடையில் கிடைக்கும் கலப்பு கிரீம்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். எரிச்சல் இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை இருந்தால் அது மறைவில் நன்றாக வளரும். மாத்திரை கேட்டு வாங்குவது அதைவிட மோசம். டெர்பினாஃபின் என்ற மாத்திரையைக் கைவிரல் நகப் பூஞ்சைக்கு வழக்கமாக 6 வாரம் கொடுப்பார்கள், கல்லீரல் பரிசோதனையோடு. ஆனால் எப்போதும் ஈரத்தில் இருக்கும் கைகளில் அடிக்கடி வளர்வது கேண்டிடா என்ற ஈஸ்ட் வகை, அதற்கு இந்த மருந்து அவ்வளவாக எடுபடாது. நகத்தைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எளிய சோதனை. தோல் மருத்துவரிடம் காட்டி அதைச் செய்துவிட்டு மாத்திரையைத் தொடுங்கள்.

கைவைத்தியத்தில் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் தொப்பி மாதிரி மாட்டுவது நம்மிடம் பிரபலம். அது நகச்சுத்திக்கு, அதாவது நகத்தைச் சுற்றிய தோல் வீங்கிச் சீழ் வைப்பதற்குச் செய்வது. நகம் விட்டுப்போய்த் திறந்து கிடக்கும் சதைக்குப் புளிப்பு எரிச்சலைத்தான் தரும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் நம் ஊர் வெயிலும் பட்டால் கொப்புளித்துக் கறுத்துப்போவதும் உண்டு. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் நல்லது, ஆனால் நகம் முளைக்கும் இடத்துத் தோலிலும் நகத்தின் மேலேயும் தடவத்தான். பிரிந்த இடுக்கில் ஊற்ற அல்ல. மருதாணியையும் நகப்பூச்சையும் நகம் வளர்ந்து முடியும் வரை தள்ளிப்போடுங்கள். நிறம் மாறுவது கண்ணில் படவேண்டும்.

ஏனென்றால் நிறம்தான் துப்பு. பச்சையாகவோ பச்சை கலந்த கறுப்பாகவோ மாறினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, ஈர இடுக்கு அதற்குப் பிடித்த வீடு. சுரண்டினால் போகாது, மருத்துவரிடம் போனால் போய்விடும். அடிபட்ட ஞாபகமே இல்லாமல் நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தால், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள உடனே காட்டவேண்டும். மீன் முள்ளோ நண்டுக் காலோ நகத்தடியில் ஏறி, சில மணி நேரத்திலேயே சிவப்பும் வீக்கமும் கைமேல் ஏறி, காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கடல்நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் சர்க்கரை நோயாளிகளையும் கல்லீரல் பாதித்தவர்களையும் வேகமாகச் சாய்த்துவிடும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

நாட்பட விட்டால் வேறொரு சிக்கல். பல மாதம் திறந்தே கிடக்கும் நகத்தடிச் சதை காய்ப்பேறிச் சாதாரணத் தோல் மாதிரி ஆகிவிடும். பிறகு புது நகம் வந்தாலும் பிடிப்பதற்கு இடம் இருக்காது. ஆறு மாதமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் இன்னும் பொறுப்பது பொறுமையாகாது.

ஒரு விரலில் இல்லாமல் பல விரல்களில் ஒரே சமயம் நகம் விட்டால் காரணம் கையில் இல்லாமல் உடம்பில் இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஒரு காரணம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வெயிலில் வேலை செய்வதும், சில புற்றுநோய் மருந்துகளும் இப்படிச் செய்யும். இந்த இடத்தில்தான் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை குழப்பம் பண்ணுகிறது. நகம் வளரும் என்று தினமும் போட்டுக்கொள்வார்கள். நகம் தூக்கிக்கொண்டதற்கு அதனால் பெரிதாகப் பயனில்லை, ஆனால் தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே அது தப்பாகக் காட்டிவிடக்கூடும். சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், எத்தனை நாள் முன்பு நிறுத்தவேண்டும் என்பதை அவர் சொல்வார்.